அட்டைப் பெட்டியும் அம்மீட்டரும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

ஒரு பொருளை வாங்கக் கையில் பணம் இருந்தால் போதும் என்று நினைத்தவர்கள் நம் பாட்டனார் காலத்தவர்கள். இன்று பணத்தோடு கொஞ்சம் அறிவும் வேண்டியிருக்கிறது. ஏனெனில் இன்று கடைக்காரர் பேசுவதற்கு முன்பே அட்டைப் பெட்டி பேசத் தொடங்கிவிடுகிறது. அது பேசுவதெல்லாம் உண்மையா என்று கேட்க வேண்டியவர்கள் யார்? படித்தவர்கள் அல்லவா? அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறிய ஒரு படித்தவனின் அனுபவத்தையும், அதிலிருந்து எனக்குத் தோன்றிய ஒரு கருத்தையும் இந்த ஆண்டு மலரின் வாயிலாக நண்பர்கள் முன்பும் பேராசிரியப் பெருமக்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன். பொருள் சிறியதுதான். காரில் பொருத்தும் பாட்டுப் பெட்டி, அதோடு சேர்ந்த வழிகாட்டித் திரை. ஆனால் அது கற்றுத் தந்த பாடம் சிறியதன்று.

பதினேழா, ஒன்பதா?

என் தாய்மாமா ஒரு பழைய சிறிய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். நாமக்கல், இராசிபுரம், சேந்தமங்கலம், விடுமுறை நாட்களில் கொல்லிமலை என்று சவாரி. கார்க் கடனுக்கு மாதத் தவணை கட்டியது போக மிஞ்சுவதில்தான் அவர் குடும்பமும், ஓரளவு என் படிப்பும் நடக்கின்றன. காரில் இருந்த பழைய பாட்டுப் பெட்டி பழுதாகிவிட்டது. வருகிற பயணிகள் பாட்டுக் கேட்கிறார்கள். புதிய ஊர்களுக்கு வழியும் தெரிய வேண்டியிருக்கிறது. 12,000 ரூபாய் சேர்த்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ளே, நீ படிச்சவன். எனக்கு இந்த இங்கிலீசு எழுத்தெல்லாம் புரியாது. நீயே பாத்து ஒண்ணச் சொல்லு” என்றார்.

கடையில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். ஒன்றில் ஒன்பது வசதிகள் அச்சிடப்பட்டிருந்தன. மற்றொன்றில் பதினேழு. ஒன்பது அங்குலத் தொடுதிரை, 4 ஜி.பி. நினைவகம், ஜி.பி.எஸ்., புளூடூத், பின்புறக் கேமரா இணைப்பு, இத்துடன் “60 வாட் × 4” என்று பொன் எழுத்தில் ஒரு வரி. ஒன்பது பெரிதா, பதினேழு பெரிதா? முதல் வகுப்புப் பிள்ளையும் விடை சொல்லும். நானும் சொன்னேன். மாமா மறுபேச்சில்லாமல் பணத்தை எண்ணி வைத்தார். அரைமணி நேரத்தில் பொருத்தியும் கொடுத்துவிட்டார்கள்.

ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை முகூர்த்தம். பெண் வீட்டாரை அதிகாலை 4 மணிக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்கு நிறுத்திய காரை, சவாரி இல்லாததால் திங்கட்கிழமை எடுக்கவில்லை. செவ்வாய் விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி முனகியது. பிறகு அதுவும் இல்லை. அக்கம்பக்கத்தில் ஆள் தேடித் தள்ளிப் பார்ப்பதற்குள் அவர்கள் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்கள். அந்தச் சவாரி போனது மட்டுமில்லை. அந்த வீட்டார் பிறகு மாமாவை அழைக்கவே இல்லை. மாமா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. “பாட்டரி பழசு மாப்ளே” என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்!

ஆய்வகத்தில் இருந்த விடை

பழி பாட்டரியின் மேல்தானா? எனக்கு ஐயம் விடவில்லை. நம் ஆய்வகத்தில் அனுமதி பெற்று ஒரு மல்டிமீட்டரை வாங்கிச் சென்றேன். பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அதற்கும் முனைக்கும் இடையே மீட்டரைத் தொடரிணைப்பில் வைத்தேன். சாவி மாமாவின் சட்டைப்பையில் இருந்தது. திரை அணைந்திருந்தது. மீட்டர் 0.6 ஆம்பியர் காட்டியது!

நண்பர்களே, அதற்குப் பின் வந்த கணக்கை முதலாண்டு மாணவனும் போட்டுவிடுவான். ஞாயிறு மாலை 6 முதல் செவ்வாய் காலை 4 வரை 34 மணி நேரம். 34 × 0.6 = 20.4 ஆம்பியர்-மணி. மாமாவின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி; அதுவும் பழையது. பாதிக்கு மேல் வடிந்த பாட்டரி எஞ்சினை எப்படிச் சுழற்றும்? நின்றிருக்கும் காரில் கடிகாரம் போன்றவற்றுக்குச் சில பத்து மில்லிஆம்பியர் ஓடுவது இயல்பு. 0.03 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் அதே 34 மணி நேரத்தில் ஒரு ஆம்பியர்-மணிதான் செலவாகியிருக்கும்.

காரணம் திரைக்குப் பின்னால் இருந்தது. இவ்வகைப் பெட்டிகளில் பொதுவாக மஞ்சள் கம்பி பாட்டரியோடு எப்போதும் இணைந்திருக்கும். வைத்த நிலையங்களையும் நேரத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள அது வேண்டும். சிவப்புக் கம்பி சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில் சேர வேண்டும். கறுப்பு, தரை இணைப்பு. மாமாவின் காரில் பழைய கம்பிகள் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தன. சாவியின் கம்பியைத் தேட நேரமில்லாத பொருத்துநர் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நாடா சுற்றிவிட்டார். நாம் திரையை அணைத்தாலும் உள்ளே பெட்டி விழித்தே இருந்தது. சிவப்பைப் பிரித்து உரிய இடத்தில் சேர்த்ததும் மீட்டர் இறங்கிவிட்டது.

குற்றம் பெட்டியின் மேலன்று, பொருத்தியதில்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பதினேழு வசதிகளை எண்ணிய நான், “கம்பியை எங்கே சேர்க்கிறீர்கள்?” என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லையே! காரின் மூலக் கம்பிகளை வெட்டாமல் பொருத்த, அந்தந்தக் கார் மாதிரிக்கென்றே இணைப்பான்கள் கிடைக்கின்றன. பட்டியலில் பதினெட்டாவது வசதியைத் தேடுவதைவிட அந்த இணைப்பானுக்குச் சில நூறு ரூபாய் ஒதுக்குவது மேல்.

240 வாட் எங்கிருந்து வரும்?

ஒன்றில் ஏமாந்தவனுக்கு எல்லாவற்றிலும் ஐயம் பிறக்கும். பொன் எழுத்தில் இருந்த “60 வாட் × 4” நினைவுக்கு வந்தது. நான்கு ஒலிபெருக்கிகளுக்கும் சேர்த்து 240 வாட். பெட்டியின் பின்புறம் பார்த்தேன். அதிலிருந்த உருகி 10 ஆம்பியர். கார் ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். 14.4 × 10 = 144 வாட். உள்ளே தொடர்ந்து செல்லக்கூடியதே 144 வாட் என்றால், 240 வாட் வெளியே தொடர்ந்து வருவது எப்படி? ஆற்றல் அழிவின்மை விதி கடைத்தெருவில் செல்லாதா?

இன்னும் சற்று உள்ளே போகலாம். காரின் ஒலிபெருக்கி பெரும்பாலும் 4 ஓம் மின்தடை உள்ளது. 14.4 வோல்ட்டை முழுவதுமாக அதன் குறுக்கே மாறி மாறிக் கொடுத்தால், 14.4-இன் வர்க்கத்தை 4-ஆல் வகுக்கக் கிடைப்பது ஏறக்குறைய 52 வாட். ஆனால் அது சதுர அலை. இசை அன்று, இரைச்சல். சைன் அலையாக, சிதைவில்லாமல் கொடுத்தால் அதில் பாதி, சுமார் 26 வாட். சுற்றுக்குள் ஏற்படும் இழப்பையும் கழித்தால் காதுக்கு இனிய ஒலியாகக் கிடைப்பது 20 வாட்டை ஒட்டித்தான். தனியாக மின்னழுத்தத்தை உயர்த்தும் கருவி இல்லாத எந்தப் பெட்டிக்கும் இந்த வரம்பு பொருந்தும். விலை கூடினாலும் குறைந்தாலும் ஓம் விதி ஒன்றுதான். அட்டையில் பார்க்க வேண்டியது “ஆர்.எம்.எஸ்.” என்று குறிக்கப்பட்ட எண். அமெரிக்காவில் இதற்கென்றே சி.இ.ஏ. 2006 என்று ஒரு தர அளவு உண்டு. 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், ஒரு விழுக்காட்டுக்கு மேற்படாத சிதைவில் அளந்த வாட்டைத்தான் அதன்படி குறிக்க வேண்டும்.

அப்படியானால் நல்ல ஒலிக்கு என்ன வழி? வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி அளவு 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். 89 டெசிபல் உணர்திறன் உள்ள ஒலிபெருக்கிக்கு 40 வாட் கொடுப்பதும், 92 டெசிபல் உள்ளதற்கு 20 வாட் கொடுப்பதும் ஒலியளவில் ஒன்றே. ஆகவே குறைந்த பணம் உள்ளவன் அதைப் பெட்டியின் பொன் எழுத்தில் கொட்டாமல், முன்கதவில் உள்ள இரண்டு ஒலிபெருக்கிகளை மாற்றப் பயன்படுத்துவதே அறிவுடைமை. கிழிந்த காகிதக் கூம்பை வைத்துக்கொண்டு எந்த வாட்டைக் கொடுத்தாலும் இளையராஜாவின் வயலின்கள் கரகரக்கத்தான் செய்யும்.

வானத்துக்கு வாடகை இல்லை

அடுத்தது வழிகாட்டி. காரும் பாட்டும் சேர்ந்தது பழைய கதை. 1930-இல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவரின் நிறுவனம் விற்ற கார் வானொலியின் பெயர்தான் மோட்டோரோலா. காரும் வழிகாட்டித் திரையும் சேர்ந்தது பின்னால். 1981-இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம், செயற்கைக்கோள் இல்லாமல் சுழல்திசை உணர்வியைக் கொண்டே காரின் இடத்தைக் காட்டும் கருவியைச் செய்தது. 1985-இல் அமெரிக்காவில் வந்த ஈட்டாக் என்னும் கருவி, ஊர்ப்படங்களை ஒலிநாடாக்களில் பதிவு செய்து வைத்திருந்தது. பாட்டுக் கேட்கும் நாடாவிலேயே வழியும் இருந்தது என்பது இன்று கேட்க வேடிக்கையாக இருக்கிறது.

இன்றைய ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நேர் மேலே உள்ளதிலிருந்து நம்மை வந்தடைய ஒளியின் வேகத்தில் வரும் சமிக்ஞைக்கு 0.067 விநாடி ஆகிறது. அந்த நேரத்தை அளந்துதான் நம் கருவி தொலைவை அறிகிறது. கடிகாரத்தில் ஒரு மைக்ரோவிநாடி தவறினால் தொலைவில் 300 மீட்டர் தவறும். அதனால்தான் இடத்தை அறிய மூன்று கோள்கள் போதாமல், நம் கருவியின் கடிகாரப் பிழையைத் திருத்த நான்காவது ஒன்றும் வேண்டியிருக்கிறது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழையை 2000 மே மாதத்தில் அமெரிக்கா நீக்கியது. அதன் பிறகே தெருவுக்குத் தெரு வழி சொல்வது எளிதாயிற்று.

இதில் வாங்குபவன் அறிய வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சமிக்ஞைக்குக் கட்டணம் இல்லை, இணையமும் வேண்டாம். இதை நான் கொல்லிமலையில் கண்ணால் கண்டேன். மாமாவின் புதிய திரை, என் செல்பேசியின் இணையத்தைக் கடன் வாங்கிப் படம் காட்டிக்கொண்டிருந்தது. சில வளைவுகள் ஏறியதும் செல்பேசிக்குச் சமிக்ஞை போய்விட்டது. சாலையும் ஊர்ப்பெயரும் மறைந்து திரை வெறுமையாயிற்று. ஆனால் எங்கள் காரைக் குறிக்கும் நீலப்புள்ளி மட்டும் அந்த வெற்றுத் திரையில் வளைந்து வளைந்து மேலேறிக்கொண்டே இருந்தது! வானம் கைவிடவில்லை, படம்தான் கைவிட்டது. அந்தப் பகுதியின் படத்தை வீட்டிலேயே செல்பேசியில் இறக்கி வைத்திருந்தால் குறையே இருந்திருக்காது. அதற்குப் பணம் ஒன்றும் ஆகாது.

செல்பேசியில் இவ்வளவும் இருக்கும்போது, அதே ஜி.பி.எஸ்ஸுக்காகவும் நினைவகத்துக்காகவும் பெட்டிக்கு ஏன் இரண்டாம் முறை பணம் கொடுக்க வேண்டும்? 2014-இல் அறிமுகமான ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே ஆகிய முறைகளில் வேலை செய்வது நம் செல்பேசிதான். காரின் திரை அதன் கண்ணாடி போன்றது. அப்படிப்பட்ட பெட்டியில் நினைவகம் 4 ஜி.பி.யா, ஒன்றா என்பது வழிகாட்டலுக்குப் பெரிய செய்தியே இல்லை. மாமாவின் பெட்டியில் சாதனத்தின் உள்விவரத்தைக் காட்டும் ஒரு செயலியைப் போட்டுப் பார்த்தேன். அட்டையில் 4 என்று இருந்தது உள்ளே 2 ஆக இருந்தது. நான் ஏன் அதைக் கடையிலேயே செய்து பார்க்கவில்லை?

கண் எங்கே இருக்க வேண்டும்?

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்பதை நம் பகுதியார் அறிவர். சமவெளியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. பாட்டை மாற்ற இரண்டு விநாடி திரையைப் பார்த்தால், 33 மீட்டர் தூரம் கண்ணில்லாத கார் ஓடியிருக்கிறது என்று பொருள். திருகும் குமிழை விரல் தானே கண்டுகொள்ளும். தொடுதிரைக்குக் கண் வேண்டும். ஒலியைக் கூட்டக் குறைக்க ஒரு குமிழ் இருக்கிறதா என்பது எந்த அட்டையிலும் பொன் எழுத்தில் இல்லை. என் கருத்தில் அதுதான் முதல் வசதி. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தமும், கையடக்கத் தகவல் தொடர்புச் சாதனத்தை வழி அறிவதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்றே கூறுகிறது. செல்பேசி தமிழிலேயே வழி சொல்கிறது. காதால் கேட்டு ஓட்டலாமே!

ஏழைக்கு ஆசை கூடாதா?

“பணக்காரன் காரில் பெரிய திரை இருக்கலாம், வாடகைக் கார்க்காரன் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டுமா?” என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. திரை ஒளிர்ந்த முதல் நாள் மாமாவின் முகம் ஒளிர்ந்ததை நான் மறக்கவில்லை. ஏறுகிற பயணிகளும் திரையைப் பார்த்ததும் வண்டியைச் சற்று மதிக்கத்தான் செய்கிறார்கள். பின்புறக் கேமரா நெருக்கமான சந்துகளில் உண்மையாகவே உதவுகிறது. ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பணம் படைத்தவன் ஏமாந்தால் இன்னொன்று வாங்குவான். தவணை கட்டுகிறவன் ஏமாந்தால் ஏமாந்ததையே வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அதனால்தான் கணக்கு அவனுக்குக் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

சில மாதம் கழித்து மாமாவின் நண்பர் ஒருவர் அதே வேலையாக என்னிடம் வந்தார். இம்முறை நான் வசதிகளை எண்ணவில்லை, காரை அளந்தேன். டாஷ்போர்டில் இருந்த இடம் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஒற்றை டின் அளவு. இதன் உயரம் இரட்டித்தால் இரட்டை டின். குமிழ் உள்ள, புளூடூத் உள்ள ஒற்றை டின் பெட்டி 4,000 ரூபாய். முன்கதவு ஒலிபெருக்கிகள் 2,500. இணைப்பானும் செல்பேசித் தாங்கியும் சேர்த்து 900. ஆக 7,400 ரூபாய். பொருத்தும்போது பக்கத்திலேயே நின்று சிவப்புக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்தேன். சாவியை எடுத்ததும் மீட்டரை வைத்தேன். பொருத்துநர் முதலில் முறைத்தார். பிறகு மீட்டரை வாங்கித் தாமே ஒருமுறை பார்த்தார்.

ஒரு வேண்டுகோள்

இதைப் படிக்கும் நண்பர்களில் பலர் என்னைப் போலவே தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். “நீ படிச்சவன், நீயே சொல்லு” என்ற சொல் அவர்கள் வீட்டிலும் ஒலித்திருக்கும். பாட்டுப் பெட்டிக்கு மட்டுமா? மோட்டார் பம்புக்கு, மின்விசிறிக்கு, இன்வெர்ட்டருக்கு, கடன் பத்திரத்துக்கும்கூட நம்மைத்தான் கேட்கிறார்கள். அந்தச் சொல்லில் அவர்கள் நம் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை அடங்கியிருக்கிறது. தேர்வுத்தாளில் ஓம் விதியை எழுதி மதிப்பெண் வாங்கிய நான், அட்டைப் பெட்டியின் முன்னால் அதை மறந்து நின்றேன். அப்படியானால் நான் படித்தது என்ன?

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் நம் இயற்பியல் ஆய்வகத்தை, மாணவர்கள் வீட்டில் வாங்கிய பொருள்களை அளந்து பார்க்கத் திறந்துவிட வேண்டும். புதிய கருவி எதுவும் வேண்டாம். இருக்கும் வோல்ட்மீட்டரும் அம்மீட்டரும் போதும். அட்டையில் எழுதியிருப்பதை ஒரு பக்கமும், அளந்து கண்டதை மறுபக்கமும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். அடுத்த ஆண்டு வருகிற தம்பி தங்கையருக்கு அந்தக் குறிப்பேடு எந்த விளம்பரத்தையும்விடப் பயன்படும்.

மாமாவின் காரில் இன்றும் அந்தப் பெரிய திரைதான் இருக்கிறது. பதினேழு வசதிகளில் அவர் பயன்படுத்துவது மூன்று: பாட்டு, கேமரா, கடிகாரம். வழியைச் செல்பேசி சொல்கிறது. சென்ற வாரம் இன்வெர்ட்டர் வாங்கப் போவதாகச் சொல்லி என்னை மறுபடியும் கூப்பிட்டார். “மாப்ளே, வர்றப்போ அந்த மீட்டரையும் எடுத்துட்டு வா” என்றார்.